உடலிலிருந்து வெட்டி எடுத்த தசைத் துண்டு எவ்வளவு விசையோடு சுருங்குகிறது என்று ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

பார்மகாலஜியில் (மருந்தியலில்) முதுகலை படித்தபோது பெரும்பாலான நாட்கள் இந்த வேலையில்தான் போயின. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கருவி எளிமையானதுதான். இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குழாய். சுவர்களுக்கு நடுவே வெந்நீர் ஓடி, உள்ளே இருக்கும் உப்புக் கரைசலை 37 டிகிரியில் வைத்திருக்கும். இதற்கு ஆர்கன் பாத் என்று பெயர். தசைத் துண்டின் ஒரு முனையைக் கீழே கொக்கியில் மாட்டுவோம். மறுமுனையில் கட்டிய நூல் மேலே ட்ரான்ஸ்டியூசருக்கு, அதாவது இழுவிசையை மின்சைகையாக மாற்றும் கருவிக்கு, போகும். தசை இழுக்கும்போது ட்ரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் தகடு கண்ணுக்கே தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற வளைவை உணரும் மெல்லிய பட்டையின் மின்தடை மாறும், திரையில் கோடு ஏறும். தசையின் நீளம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை, விசை மட்டும் பதிவாகிறது. அந்தக் காலத்துப் புகைத்தாள் உருளையில் நெம்புகோல் வரைந்தது வேறு: தசை எவ்வளவு குறுகியது என்பதை. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

கோட்டின் உயரம் விசையாக மாற வேண்டுமானால், தசையை மாட்டுவதற்கு முன் ட்ரான்ஸ்டியூசரில் 1 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அது இழுப்பது சுமார் 9.8 மில்லிநியூட்டன். ஒவ்வொரு நாள் காலையிலும் இதைச் செய்யுங்கள், நேற்றைய அளவை நம்ப வேண்டாம்.

கஷ்டமெல்லாம் திசுவிடம்தான். நான் எலியின் பெருந்தமனியை 3 மில்லிமீட்டர் வளையங்களாக நறுக்கி, நடுத்துளையில் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கோத்து மாட்டுவேன். கம்பி உள்சுவரில் உரசினால் எண்டோதீலியம் என்ற மெல்லிய செல் அடுக்கு உரிந்துவிடும். அப்புறம், நல்ல தமனியைத் தளரவைக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும் தமனி தளராது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் கண்டு சொன்னதும் இதைத்தான். அதுவரை அவர் கையிலும் தமனித் துண்டுகள் தளராமல் சுருங்கிக்கொண்டே இருந்தன, தயாரிக்கும்போது உள்சுவர் தேய்ந்துபோனதால். அந்த ஆராய்ச்சி அவரை 1998 நோபல் வரை கொண்டுபோனது.

அடுத்தது, முதலில் எவ்வளவு இழுத்து வைப்பது என்பது. தளர்வாக மாட்டினாலும், அளவுக்கு மீறி இழுத்தாலும் தசை தன் முழு பலத்தைக் காட்டாது. யாரோ கட்டுரையில் எழுதிய 2 கிராமை அப்படியே எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அரை அரை கிராமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் தசையைச் சுருங்கவைக்கும் பொட்டாசியம் குளோரைடு கொடுத்து, எங்கே சுருக்கம் உச்சத்தைத் தொடுகிறது என்று நீங்களே பாருங்கள். பிறகு 60 நிமிடமாவது, அவ்வப்போது கரைசலை மாற்றியபடி, திசுவைச் சும்மா விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டால் அடிக்கோடு இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் நான்கு வளையங்களும் பொட்டாசியத்துக்கு அசையவே இல்லை. கம்பி, நூல், ட்ரான்ஸ்டியூசர் எல்லாவற்றையும் சோதித்தேன். மதியத்துக்கு மேல்தான் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஆர்கன் பாத்தில் ஊற்றும் உப்புக் கரைசலான கிரெப்ஸ் கரைசல் லேசாகப் பால் கலந்தது போல் இருந்தது. கார்போஜன் வாயுவை (ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தது) குமிழவிடுவதற்கு முன்பே கால்சியம் குளோரைடைக் கொட்டியிருக்கிறேன். கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிட்டது. வெளியிலிருந்து கால்சியம் நுழையாவிட்டால் அந்தத் தசை எதை வைத்துச் சுருங்கும்? ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கர் 1883இல் எழுதியது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவருடைய தவளை இதயம் குழாய்த்தண்ணீரில் கரைத்த உப்புக் கரைசலில் துடித்தது, காய்ச்சி வடித்த நீரில் கரைத்ததில் ஓய்ந்துபோனது. வித்தியாசம் குழாய்த்தண்ணீரில் இருந்த கால்சியம்.

கடைசியில் கிடைத்த விசையைத் திசுவின் குறுக்குப் பரப்பால் வகுத்து எழுதுங்கள். தடித்த வளையம் அதிகம் இழுப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கை பழக வேண்டுமென்றால் எலி வேண்டாம். காலையில் கறிக்கடையில் அப்போதே அறுத்த கோழியின் குடலைக் டைரோடு என்ற குளிர்ந்த உப்புக் கரைசலில் வாங்கி வந்து, 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டாக மாட்டுங்கள். தமனியைப் போலன்றிக் குடலை அசிட்டைல்கோலின் சுருக்கும்; அதை விட்ட சில நொடிகளில் கோடு விறுவிறுவென ஏறும். 30 நொடி பார்த்துவிட்டுக் கழுவிவிடுங்கள், மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.