வண்டி கேள்வி பதில்: முன்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப் இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இடது முன்சக்கரத்தில் உர்ரென்று சத்தம் வருகிறது, வலது பக்கம் திரும்பும்போது அது இன்னும் கூடுகிறது. ஸ்டியரிங்கும் லேசாக ஆடுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் தண்ணீரில் இந்த வண்டியில்தான் இரண்டு நாள் அலைந்தோம். பட்டறையில் இரண்டு பக்கமும் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நானே செய்யலாமா அண்ணா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஒரு சக்கரத்துக்கு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டால்தான் இந்த வேலை கெடும்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டில் யாரையாவது சீட்டில் உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்தான். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் அது கிங்பின் பேரிங், அதாவது நக்கிளின் (ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புகிற, சக்கரத்தைத் தாங்கும் பாகம்) மேலும் கீழும் உட்கார்ந்திருப்பது, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கம் பார்க்க வேண்டிய தனி வேலை. உங்கள் ஸ்டியரிங் ஆட்டத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால் இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், வீல் பேரிங் மாற்றியும் ஆட்டம் போகவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை.

ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது. ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள், இல்லையென்றால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். ஹாலோ பிளாக் கல் மட்டும் வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கிவிடும். உங்கள் பக்கம் மணல் தரை என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி, நடுவில் உள்ள ஃபிளேஞ்சை (ஆக்சிலை ஹப்போடு இணைக்கும் தட்டு) எடுத்தால் உள்ளே ஒரு நட், லாக் வாஷர், அதற்கும் உள்ளே இன்னொரு நட் என்று வரும். வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) நட்டுக்கென்றே உள்ள பாக்ஸ் ஸ்பேனரால் திறக்க வேண்டும். உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் திறக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது, நட்டின் முகம் போய்விடும், கடைசியில் இறுக்கம் பார்க்கும்போது கணக்கே கிடைக்காது. டிரம் வர மறுத்தால் பிரேக் ஷூவின் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஹப்பை இழுக்கும்போது வெளி பேரிங் கையில் விழும், உள் பேரிங்கும் ஆயில் சீலும் ஹப்போடு வரும்.

துடைக்கும் முன் கிரீஸை நன்றாகப் பாருங்கள், உங்கள் வண்டிக்கு என்ன நடந்தது என்று அதுவே சொல்லும். பால் காபி நிறத்தில் குழைந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நீர்த்து, கறுத்து, கியர் ஆயில் வாடை அடித்தால் உள்ளே ஆக்சில் சீல் போய் டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிள் வழியாக ஹப்புக்கு வந்துகொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் புது பேரிங் போட்டால் கிரீஸும் நிற்காது, பிரேக் லைனிங்கும் எண்ணெயில் ஊறும். பிறகு மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு ரோலர்களைப் பாருங்கள். பெட்ரோலில் கழுவ வேண்டாம், நெருப்பு பயம். புள்ளி புள்ளியாகக் குழி இருந்தால் துரு தின்றது, நீலம் பூத்திருந்தால் சூட்டில் வெந்தது.

உங்கள் வண்டியில் தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஓடிச் சூடான ஹப் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், அப்போது தேய்ந்த சீலின் உதட்டு வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காசிமேட்டில் மீன்பெட்டி ஏற்றுகிற ஒரு ஜீப் என்னிடம் வரும், பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரிலேயே நிற்கிற வண்டி, பேரிங் மாற்றி மாற்றி அலுத்துப்போனார் அதன் சொந்தக்காரர். கடைசியில் பார்த்தால் சீல் உரசுகிற இடத்தில் ஸ்பின்டிலில், அதாவது ஹப் மாட்டிச் சுற்றுகிற தண்டில், நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தது, எத்தனை புது சீல் போட்டாலும் அங்கே தண்ணீர் நிற்காது. ஸ்பின்டிலை மாற்றிய பிறகுதான் அந்த வண்டிக்கு நிம்மதி வந்தது. அதனால் பேரிங்குக்குக் காசு எடுத்து வைக்கும்போது சீலுக்கும் எடுத்து வையுங்கள், ஸ்பின்டில் மேல் நகத்தால் கீறிப் பாருங்கள்.

இது டேப்பர் ரோலர் பேரிங், கப்பும் (ஹப்பில் உட்காரும் வெளி வளையம்) கோனும் (ரோலர்களோடு இருக்கும் உள் வளையம்) சேர்ந்தது ஒரு செட். கோனை மட்டும் மாற்றி, பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவிடக்கூடாது. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் பக்கம் மாற்றி மாற்றித் தட்டினால் வந்துவிடும். புது கப்பை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கொஞ்சம் சுருங்கி, சுலபமாக இறங்கும். பழைய கப்பையே அதன் மேல் வைத்து நேராகத் தட்டுங்கள், அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியின் சத்தம் மாறும், காதுக்கே தெரியும். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் கிரீஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

இனி இறுக்கம். உள் நட்டை இறுக்கிக்கொண்டே ஹப்பை மறு கையால் சுற்றிக்கொண்டிருங்கள், அப்போதுதான் ரோலர்கள் தங்கள் இடத்தில் போய் உட்காரும். ஹப் கனத்துப் பிடிக்கிற நிலை வந்ததும் சுமார் ஆறில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள், அதாவது ஆறு பக்க நட்டில் ஒரு முகம். ஹப் லேசாகச் சுற்ற வேண்டும், ஆட்டம் கைக்குத் தெரியக்கூடாது. புது லாக் வாஷர் போட்டு, வெளி நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் வெளி நட் இறுகும்போது உள்ளே இருக்கிற இடைவெளி குறையும். குறைந்திருந்தால் சலிக்காமல் திறந்து மறுபடி வையுங்கள், நான் மூன்று நான்கு முறைகூடத் திறந்திருக்கிறேன். திருப்தியான பிறகு வாஷரை மடியுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் காலையில் கன்டெய்னர் லாரி குறைவாக இருக்கும் நேரம் பார்த்து ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, பிரேக்கை அதிகம் போடாமல் நிறுத்தி, ஹப்பை மெல்லத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் இறுக்கம் அதிகம், அப்படியே ஓட்டக்கூடாது. 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி தூக்கி ஆட்டிப் பாருங்கள்.

வலது பக்கத்தையும் பிரியுங்கள், அதுவும் அதே வெள்ளத்தில்தான் நின்றது. ரோலரும் கப்பும் பளிச்சென்று இருந்தால் கழுவி, புது கிரீஸும் புது சீலும் போட்டால் போதும்.

கேள்வி: எந்த கிரீஸ் போடுவது, எவ்வளவு அடைப்பது?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை வீல் பேரிங் கிரீஸ், என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) என்று டப்பாவில் இருக்கும். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள், மறுபக்கம் ரோலர் சந்துகளில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை. மேலே பூசினால் உள்ளே போகாது. ஆனால் ஹப்பின் நடுக்குழியை முழுக்க அடைக்காதீர்கள், சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்கு வந்துவிடும். பழைய கிரீஸோடு புதியதைக் கலக்கவும் வேண்டாம், இரண்டு வகை சேராவிட்டால் நீர்த்து ஓடும்.

கேள்வி: புதுப்பேட்டையில் கழற்றி எடுத்த பேரிங் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: டிரம், ஃபிளேஞ்ச், ஸ்பின்டில் வாங்குங்கள், பார்த்து வாங்கினால் நல்லதாகவே கிடைக்கும். பேரிங் மட்டும் வேண்டாம். எந்த கப்போடு எத்தனை வருடம் ஓடியது என்று தெரியாத கோனை நம்பி முன்சக்கரத்தை ஓட்ட முடியாது. உங்கள் பழைய பேரிங்கையும் கப்பையும் கழுவி, அதில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு, இரண்டையும் பையில் போட்டுப் பாரிமுனைப் பக்கம் உள்ள பேரிங் கடைக்குக் கொண்டுபோங்கள். அட்டைப்பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் பேரிங் மேலேயே பொறித்த எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அகலமும் உள்விட்டமும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.