கெர்னல் சேமிப்பக ஆவணத்தில் எடிட்டர் எங்கே கை வைக்கலாம்?

கேள்வி: சேமிப்பகக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் ஆவண எடிட்டராக இருக்கிறேன். லினக்ஸ் பிளாக் டிரைவர் (வட்டு போன்ற சேமிப்புச் சாதனங்களை இயக்கும் நிரல்) எழுதுவோருக்கான எங்கள் பழைய வழிகாட்டியைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சி மொழியை ஓரளவு வாசிப்பேன், எழுத வராது. நடையைச் சீர்செய்து அனுப்பினால், பொருள் மாறிவிட்டது என்று டெவலப்பர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

பதில்: நடைக்கு வருமுன், வழிகாட்டி எந்தக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். ஃபைல் சிஸ்டத்துக்கும் டிரைவருக்கும் இடையே கோரிக்கைகளைக் கடத்தும் பிளாக் அடுக்கு பலமுறை மாறியிருக்கிறது. பல வரிசைகளில் கோரிக்கைகளைக் கையாளும் பிஎல்கே-எம்க்யூ முறை 2014 ஜனவரியில் 3.13 பதிப்பில் சேர்ந்தது. பழைய ஒற்றை வரிசை முறை 2019இல் வெளிவந்த 5.0 பதிப்பில் முழுவதுமாக நீக்கப்பட்டது. ஆகவே பிஎல்கே_இனிட்_க்யூ என்ற ஃபங்ஷனை அழைக்கச் சொல்லும் அத்தியாயத்தை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் இன்றைய கெர்னலில் அது பயன்படாது. ஜெனரிக்_மேக்_ரிக்வெஸ்ட் என்பது 5.9 பதிப்பிலிருந்து சப்மிட்_பயோ_நோஅக்ட் ஆகிவிட்டது. ஆவணத்தில் வரும் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரையும், நீங்கள் ஆதரிக்கும் பதிப்பின் மூல நிரலில் கிட் கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு தேடுங்கள். கிடைக்காவிட்டால் மாற்ற வரலாற்றைக் காட்டும் கிட் லாக் கட்டளையை -எஸ் (பெரிய எழுத்து) விருப்பத்துடன் ஓட்டினால், அந்தப் பெயரை நீக்கிய மாற்றமும் அதற்கான காரணமும் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். இதற்கு சி எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, உங்கள் திருத்தங்கள் எங்கே பொருளைக் கெடுக்கின்றன என்ற கேள்வி. மிகைச்சொல் என்று எடிட்டர் கண்ணுக்குப் படுவது, சேமிப்பக ஆவணத்தில் பெரும்பாலும் ஒரு நிபந்தனையாக இருக்கும். ரெக்_பிரீஃபிளஷ் என்ற ஃபிளாக்கை, அதாவது கோரிக்கையோடு செல்லும் குறியை, எடுத்துக்கொள்வோம். ‘இந்த ஃபிளாக் உள்ள கோரிக்கை தொடங்குமுன், ஏற்கெனவே முடிவுற்ற எழுத்துக் கோரிக்கைகளின் தரவு நிலையான ஊடகத்தில் இருக்கும்’ என்பது அதன் வாக்குறுதி. இதில் ‘ஏற்கெனவே முடிவுற்ற’ என்பதை ‘முந்தைய’ என்று சுருக்கினால் வாக்கியம் சரளமாகத்தான் இருக்கும். ஆனால் அனுப்பப்பட்டு இன்னும் முடிவு வராத கோரிக்கைகளும் அதற்குள் அடங்கிவிடும். கெர்னல் அந்த உறுதியைத் தருவதில்லை. பேரியர் என்ற பழைய முறையில் கோரிக்கைகளின் முன்பின் ஒழுங்கைப் பிளாக் அடுக்கே காத்துவந்தது. 2011 ஜனவரியில் வந்த 2.6.37 பதிப்பில் அது கைவிடப்பட்டு, தேவையான எழுத்துக் கோரிக்கைகள் முடியும்வரை காத்திருப்பது ஃபைல் சிஸ்டத்தின் பொறுப்பாயிற்று. சுருக்கப்பட்ட வாக்கியத்தை நம்பி ஒருவர் காத்திருக்காமல் நிரல் எழுதினால், வழக்கமான சோதனைகளில் எதுவும் தெரியாது. மின்சாரம் போகும் அன்று ஃபைல் சிஸ்டத்தின் மாற்றப் பதிவேடான ஜர்னல் சிதைந்திருக்கும்.

‘முடிவு’ என்ற சொல்லையே இங்கே சந்தேகத்தோடு பாருங்கள். எழுத்துக் கோரிக்கை முடிந்தது என்று சாதனம் அறிவிப்பதற்கு, தரவு வட்டில் பதிந்துவிட்டது என்று பொருளில்லை. மின்சாரம் போனால் அழியும் உள் கேஷை (தற்காலிக நினைவகத்தை) மட்டுமே அது எட்டியிருக்கலாம். ரெக்_எஃப்யூஏ ஃபிளாக் இருந்தால்தான், அந்தக் கோரிக்கையின் தரவு நிலையான ஊடகத்தை அடைந்த பிறகு முடிவு அறிவிக்கப்படும். சாதனத்துக்கு அந்த வசதி இல்லாதபோது, எழுதி முடித்தபின் ஒரு ஃபிளஷை (கேஷில் உள்ளதை ஊடகத்தில் பதியச் சொல்லும் கட்டளையை) அனுப்பிப் பிளாக் அடுக்கே அதை ஈடுசெய்கிறது. ‘எழுதி முடிந்ததும் தரவு பாதுகாப்பாக இருக்கும்’ என்ற வரி வழிகாட்டியில் எங்காவது இருந்தால், அது நடைப் பிரச்சினை அல்ல, பிழை.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று மாற்றுச்சொல் தேடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கெர்னலின் பிளாக் அடுக்கில் செக்டர் என்பது எப்போதும் 512 பைட். சாதனத்தின் லாஜிக்கல் பிளாக் 4096 பைட்டாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. அத்தகைய சாதனத்தில் 800ஆம் செக்டரும் 100ஆம் பிளாக்கும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. வாசிக்க இதமாக இருக்கட்டும் என்று ஒரு வரியில் செக்டரையும் மறு வரியில் பிளாக்கையும் போட்டால், டிரைவர் எட்டு மடங்கு தள்ளிப்போய் எழுதும்.

இனி, நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டியவை. யார் செய்கிறார்கள் என்று சொல்லாத வாக்கியங்களை டெவலப்பர்கள் தாராளமாக எழுதுவார்கள். பயோ என்பது பிளாக் அடுக்கில் ஓர் உள்ளீடு-வெளியீட்டுக் கோரிக்கையை விவரிக்கும் தரவமைப்பு. ‘பயோ விடுவிக்கப்படும்’ என்றால் யாரால்? சப்மிட்_பயோ மூலம் அனுப்பிய பிறகு அந்தப் பயோவை அனுப்பியவர் தொடக்கூடாது, ஏனெனில் அழைப்பு திரும்புவதற்குள்ளேயே முடிவு வந்து அது விடுவிக்கப்பட்டிருக்கலாம். சப்மிட்_பயோ_வெயிட் அப்படியல்ல, அது முடிவுவரை காத்திருக்கும், பிறகு பயோ_புட் அழைத்து விடுவிப்பது அனுப்பியவரின் வேலை. பெயரில் ஒரே ஒரு சொல்தான் கூடுதல், பொறுப்போ தலைகீழ். அதேபோல, எந்தச் சூழலில் அழைக்கப்படும் என்பதும் விடுபட்டுப்போகும். முடிவை அறிவிக்கும் பிஐ_எண்ட்_ஐஓ ஃபங்ஷன் இன்டர்ரப்ட் சூழலில், அதாவது சாதனம் அனுப்பிய குறுக்கீட்டைக் கெர்னல் கையாளும்போது, அழைக்கப்படக்கூடும். ஆகவே அதற்குள் தூங்கக்கூடிய (காத்து நின்றுவிடக்கூடிய) எதையும் செய்யக்கூடாது. இந்த எச்சரிக்கை தனிப் பத்தியாகத் துருத்திக்கொண்டு நின்றாலும் அப்படியே நிற்கட்டும்.

மற்றவற்றில் உங்கள் விருப்பம்போல் செய்யலாம். ‘எளிதாக’, ‘வெறுமனே’ போன்ற சொற்களை வெட்டுங்கள், நீண்ட முன்னுரைகளைக் குறையுங்கள், நிரல் துண்டுக்கு முன்னால் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி சேருங்கள். இவற்றுக்கு எந்த டெவலப்பரும் மறுப்புச் சொல்ல மாட்டார். சொன்னால் அது ரசனைத் தகராறு. பொருள் சார்ந்த சந்தேகங்களை மட்டும், பழைய வாக்கியத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்வியாக அனுப்புங்கள். முழு அத்தியாயத்தையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

வழிகாட்டியின் சில பகுதிகள் மூல நிரலில் உள்ள கெர்னல்-டாக் குறிப்புகளிலிருந்து (ஃபங்ஷன்களை விளக்கும் கருத்துரைகளிலிருந்து) தானாக உருவாகின்றன என்றால், திருத்தத்தை அந்தக் குறிப்பிலேயே செய்ய வேண்டும். அட் (@) குறிக்குப் பின் வரும் பாராமீட்டர் பெயர்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். ஆவணத்தை உருவாக்கும் மேக் எச்டிஎம்எல்டாக்ஸ் கட்டளையை ஓட்டி, உங்கள் மாற்றத்தால் புதிய எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகே கோப்பை ஒப்படையுங்கள்.