வியாழக்கிழமை கல்யாணம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குழு ‘ரோமியோ ஜூலியட்’டைத் தமிழில் மேடையேற்றத் தயாராகிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலம்தான் ஒத்திகை. முழுதாகப் போட்டால் நேரம் தாங்காது என்பதால் ஸ்கிரிப்டை வெட்டிக்கொண்டிருக்கிறோம். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ சாகிறவரை நன்றாகப் போகிறது, அதற்கப்புறம் தொய்ந்துவிடுகிறது. கத்திச் சண்டை முடிந்துபோகிறது, எல்லோரும் வீட்டுக்குள் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியை, அதாவது ஜூலியட்டின் அப்பா, அம்மா, மாப்பிள்ளை பாரிஸ் மூவரும் கல்யாணத் தேதி பேசுகிற சின்னக் காட்சியை, எடுத்துவிடலாம் என்கிறார் இயக்குநர். எப்படியும் அடுத்த காட்சியில் அம்மாவே வந்து மகளிடம் அதைச் சொல்கிறாளே என்பது அவர் வாதம். எனக்கு மனசு வரவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். இரண்டு குடும்பத்துக்கும் என்ன பகை என்று நாடகத்தில் எங்கேயும் சொல்லவில்லையே, காரணம் தெரியாத பகையை நம்பி ஒரு நாடகம் எப்படி நிற்கிறது? அப்புறம், முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், ரோமியோ சாவதற்கு முன் ஜூலியட் கண் விழித்து இருவரும் நாலு வார்த்தை பேசிக்கொள்வதுபோல் மாற்றலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

அன்புடன்
செ.
மதுரை

*

அன்புள்ள செ.,

அந்தக் காட்சியில் கை வைக்காதீர்கள். வெட்டுவதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன, பிறகு சொல்கிறேன்.

அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய காட்சியில், இருவருக்கும் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்த துறவி லாரன்ஸ் ரோமியோவைத் தேற்றி, இன்றிரவு உன் மனைவியிடம் போ, விடிவதற்குள் கிளம்பி மாண்டுவா போய்விடு என்று அனுப்பிவைக்கிறார். அடுத்த காட்சியில் விடிந்துகொண்டிருக்கிறது, ரோமியோவும் ஜூலியட்டும் பிரிய மனமில்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் சேர்ந்திருந்த அந்த ஒரே ராத்திரி முழுக்க இந்த 35 வரிக்குள்தான் கழிகிறது. நாம் அதைக் கீழ்த்தளத்தில் இருந்து பார்க்கிறோம். ‘ரொம்ப நேரமாகிவிட்டது, இனிமேல் அவள் கீழே வரமாட்டாள்’ என்கிறார் ஜூலியட்டின் அப்பா கேப்புலட். அவர் மகள் துக்கத்தில் படுத்திருப்பதாக நினைத்துச் சொல்கிறார், ரோமியோ இந்நேரம் மேலே வந்து சேர்ந்திருப்பான் என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்.

பாரிஸ் விடைபெறுகிறான். போயிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்றுகூடச் சொல்லலாம். 1597இல் வந்த முதல் அச்சுப் பிரதியில் இந்த இடத்தில் ஒரு மேடைக்குறிப்பு இருக்கிறது: பாரிஸ் போகப் போகிறான், கேப்புலட் அவனைத் திரும்பக் கூப்பிடுகிறார். உங்கள் நடிகரை அதை அப்படியே செய்யச் சொல்லுங்கள். கதவு வரை போனவனைக் கூப்பிட்டு நிறுத்தி, என் பெண் என் பேச்சைத் தட்டமாட்டாள் என்று வாக்குக் கொடுக்கிறார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள் என்கிறான் பாரிஸ். அப்படியானால் புதன் ரொம்பச் சீக்கிரம், வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம். மனைவியின் சகோதரன் மகன் டிபால்ட் ரோமியோ கையால் செத்த வீடு, தடபுடல் செய்தால் ஊர் தப்பாகப் பேசும், ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு முடித்துவிடலாம். குரலே உயராமல், ஒரு நல்ல குடும்பத்துப் பெரியவர் பேசுகிற பேச்சு.

இவர் வில்லன் இல்லை என்பதை உங்கள் குழுவில் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். முதல் அங்கத்தில் இதே பாரிஸ் பெண் கேட்டபோது, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், நீ அவள் மனதைப் பெறு, அவள் சம்மதத்தோடு சேர்ந்ததுதான் என் சம்மதம் என்று சொன்ன மனுஷன் இவர். இப்போது அவளைக் கேட்காமலே தேதி குறிக்கிறார். ஏன்? மகள் அழுது அழுது தன்னைக் கெடுத்துக்கொள்வாள் என்று பயந்துதான் கல்யாணத்தை அவசரப்படுத்துகிறார் என்று நான்காம் அங்கத்தில் பாரிஸ் துறவியிடம் சொல்கிறான். அவள் டிபால்டுக்காக அழுகிறாள் என்று வீடு நம்புகிறது, அவள் நாடுகடத்தப்பட்ட புருஷனுக்காக அழுகிறாள். அந்த ஒரு விவரம் அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இந்தக் காட்சி இல்லாமல் நேரே விடியலுக்குப் போனால் என்ன ஆகும்? கூவுவது வானம்பாடியா இராக்குயிலா என்று இருவரும் வாதாடுவது அழகான காதல் பேச்சாக மட்டும் கேட்கும். நாம் மறுபடி சந்திப்போம் என்று நினைக்கிறாயா என்று ஜூலியட் கேட்பாள், அதில் சந்தேகமே இல்லை என்று ரோமியோ சொல்வான், பார்க்கிறவர்களும் சரி, ஏதாவது வழி பிறக்கும் என்று இருப்பார்கள். அம்மா வந்து சொன்னதும் ஒரு அதிர்ச்சி, அவ்வளவுதான். காட்சி இருந்தால் அதே ஒவ்வொரு வார்த்தையும் வியாழக்கிழமையோடு மோதும். மேடையில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, மோதல் பார்வையாளர் நெஞ்சுக்குள் நடக்கும். இரண்டாம் பாதியில் சண்டை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், என்னைக் கேட்டால் இதுதான் நாடகத்திலேயே கடுமையான சண்டை.

நாடகத்தின் இறுக்கம் முழுக்க இப்படித்தான் முறுக்கேறுகிறது என்று நினைக்கிறேன். நல்லது நினைத்து ஒருவர் ஒன்றைச் செய்கிறார், அவருக்கு ஒரு விவரம் தெரியாது, நமக்குத் தெரியும். நீங்கள் கேட்ட பகைக்கும் பதில் இதில் இருக்கிறது. முன்னுரையில் பழம்பகை என்று ஒரு சொல் வருவதோடு சரி, காரணம் எங்கும் இல்லை. இருந்திருந்தால் நாம் உடனே பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவோம், யார் பக்கம் நியாயம் என்று பார்ப்போம், காதலர்களை விட்டுவிடுவோம். தவிரவும் குடும்பத் தலைவர்களுக்கே அந்தப் பகையில் பெரிய ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை. எங்களைப் போன்ற வயசானவர்களுக்குச் சண்டை போடாமல் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்கிறார் கேப்புலட். விருந்துக்குள் ரோமியோ நுழைந்துவிட்டான் என்று டிபால்ட் துள்ளும்போது, ஊரில் நல்ல பெயர் எடுத்த பையன், சும்மா இரு என்று அடக்குகிறார். அடங்கிப்போன டிபால்ட் இதை விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டு வெளியேறிய அடுத்த வரியிலேயே ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதலாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு 14 வரியில் ஒரு முழு சானெட்டாக அமைந்திருக்கிறது, அவன் பாதி இவள் பாதி. மொழிபெயர்ப்பில் யாப்பு போனாலும் பரவாயில்லை, டிபால்டின் வெளியேற்றத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவில் பாட்டு, நடனம் என்று எதையும் செருகாதீர்கள். அவன் கோபம் மேடையில் ஆறுவதற்குள் அவர்கள் கை கோக்க வேண்டும்.

மூலக்கதையோடு ஒப்பிட்டால் ஷேக்ஸ்பியர் என்ன செய்தார் என்று பளிச்சென்று தெரியும். அவர் கையில் இருந்தது ஆர்தர் ப்ரூக் 1562இல் எழுதிய நீண்ட கவிதை. அதில் கதை மாதக்கணக்கில் நடக்கிறது. கல்யாணமாகி ஒன்றிரண்டு மாதம் இருவரும் ரகசியமாகச் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் டிபால்ட் சாகிறான், அதுவும் தெருக்கலவரத்தில் ரோமியோ தற்காப்புக்காகத் திருப்பித் தாக்கும்போது. மெர்குஷியோ விருந்தில் வந்து போகிற ஆள், அவனுக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. ஷேக்ஸ்பியர் மொத்தத்தையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி வியாழன் விடியலில் முடித்துவிட்டார். கல்யாணத்துக்கும் கொலைக்கும் நடுவே அவர் விட்டிருப்பது ஒரு மணி நேரம் போல.

அந்த ஒரு மணி நேரத்தால்தான் சண்டைக் காட்சி அப்படி நிற்கிறது. டிபால்ட் அயோக்கியப் பயலே என்று கூப்பிடுகிறான், ரோமியோ கத்தியைத் தொடவில்லை, நீ நினைப்பதைவிட உன்மேல் எனக்குப் பிரியம் அதிகம் என்கிறான். இப்போது டிபால்ட் அவனுக்கு மைத்துனன் முறை, அந்த மேடையில் அது அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். மெர்குஷியோவின் கண்ணுக்கு அது கோழைத்தனம். நண்பனின் மானம் போகிறதே என்று அவன் கத்தியை உருவுகிறான். ரோமியோ விலக்கிவிட நடுவில் பாய்கிறான், நீட்டிய அவன் கைக்கு அடியில் புகுந்து டிபால்டின் கத்தி மெர்குஷியோவைக் குத்துகிறது. நீ ஏன்டா நடுவில் வந்தாய், உன் கைக்குக் கீழேதான் எனக்குக் குத்து விழுந்தது என்று மெர்குஷியோ கேட்கிறான். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன் என்கிறான் ரோமியோ. ஒத்திகையில் இந்த இரண்டு வரிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செலவழியுங்கள். கத்தி வீச்சு சுமாராக இருந்தாலும் தப்பிக்கலாம், அந்தக் கை எந்த உயரத்தில் நீண்டிருக்கிறது என்பது மூன்றாவது வரிசைக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதற்கப்புறம் இரண்டாம் பாதியின் வேலை ஜூலியட்டைத் தனியாக்குவது. 14 வயது நிறையாத பெண் அவள், ப்ரூக்கில் 16. முதலில் புருஷன் ஊரைவிட்டுப் போகிறான். கல்யாணம் வேண்டாம் என்று காலில் விழுந்ததும் அப்பா தெருவில் துரத்திவிடுவேன் என்கிறார். அம்மா என்னோடு பேசாதே என்று போய்விடுகிறாள். கடைசியில் மிஞ்சுவது பிறந்ததிலிருந்து வளர்த்த செவிலித்தாய். அவளும் ரோமியோ இனி வரப்போவதில்லை, பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். அவளும் பிரியத்தால்தான் சொல்கிறாள், அந்தக் குழந்தை உயிரோடு இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. நெஞ்சாரச் சொல்கிறாயா என்று ஜூலியட் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, அன்றோடு அவளிடம் மனம் திறப்பதை நிறுத்திக்கொள்கிறாள். கல்யாணத்திலிருந்து தப்பிக்க, பிணம்போல் கிடக்கவைக்கும் மருந்தைத் துறவி கொடுக்கிறார். அதைக் குடிக்கும் இரவில் பயத்தில் செவிலி என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டு, அவள் இங்கே வந்து என்ன செய்யப்போகிறாள், இதை நான் தனியாகத்தான் நடித்தாக வேண்டும் என்று தன்னையே அடக்கிக்கொள்கிறாள். இந்த உதிர்வு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டாம் பாதி தொய்யவே தொய்யாது. எல்லோரும் ஒரே சுருதியில் அழுது கத்துகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் போவது. துறவி சொல்லிக்கொடுத்தபடி ஜூலியட் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நன்றாகவே நடிக்கிறாள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கல்யாணத்தை வியாழனிலிருந்து நாளைக்கே, புதன்கிழமைக்கே மாற்றிவிடுகிறார். துறவி புதன் இரவு குடிக்கச் சொன்ன மருந்தைச் செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாகிறது. அவள் சாகவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்லும் துறவியின் கடிதம் போய்ச்சேர இருந்த அவகாசத்தில் ஒரு நாள் போயிற்று. கடிதம் போகாததைத் தற்செயல் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அதைக் கொண்டுபோன இன்னொரு துறவியைக் கொள்ளைநோய் வீடு என்று உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். 1592 முதல் 1594 வரை பெரும்பாலும் அந்த நோயால் அரங்குகள் மூடிக்கிடந்த லண்டனுக்கு அது தற்செயலாகவே பட்டிருக்காது. மெர்குஷியோ சாகும்போது உங்கள் இரண்டு வீட்டிலும் கொள்ளைநோய் விழ என்று சபித்ததும் அவர்கள் காதில் இருந்திருக்கும். உங்கள் தமிழில் அந்தச் சாபத்தை ‘நாசமாய்ப் போக’ என்று பொதுவாக வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கல்லறைக் காட்சிக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் சொல்வது புதிதில்லை. நடிகர் டேவிட் கேரிக் 1748இல் லண்டனில் அப்படித்தான் மாற்றினார். ரோமியோ விஷம் குடித்த பிறகு ஜூலியட் விழித்து இருவரும் நீளமாகப் பேசுவார்கள், அந்த வடிவம் வெகுகாலம் மேடையில் ஓடியது. அழவைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். ரோமியோ விஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கிறான், உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே, சாவு இன்னும் இங்கே வெளிறவில்லையே என்கிறான். உண்மை முழுவதையும் வாயாலேயே சொல்லிவிடுகிறான், அர்த்தம் மட்டும் எட்டவில்லை. முன்னுரையிலேயே இருவரும் சாவார்கள் என்று சொல்லிவிட்ட நாடகத்தில் முடிவு தெரிந்த கூட்டமும் அப்போது, இன்னும் கொஞ்சம் பொறுடா என்று மனதுக்குள் கெஞ்சும். அபிமன்யு சாவான் என்று தெரிந்துதானே கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள், சக்கரவியூகத்துக்குள் அவன் கால் வைக்கும்போது பதறாதவர் உண்டா? இருவரையும் பேசவிட்டால் அந்தக் கெஞ்சலுக்கு ஒரு ஆறுதல் கிடைத்துவிடும், அதைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்தக் காட்சி.

பாரிஸ் அங்கே சாவதையும் விட்டுவிடாதீர்கள், அது ப்ரூக்கில் கிடையாது. பூ எடுத்துக்கொண்டு வந்த ஒரு பையன், ரோமியோ பிணத்தை அவமதிக்க வந்திருக்கிறான் என்று நினைத்துத் தடுக்கிறான். போய்விடு தம்பி, என்னைக் கோபப்படுத்தாதே என்று ரோமியோ கெஞ்சுகிறான். தெருச் சண்டையில் செய்த அதே கெஞ்சல், இந்த முறையும் பலிக்கவில்லை.

சரி, எதை வெட்டுவது? இரண்டாம் அங்கத்துக்கு முன்னால் வரும் 14 வரி முன்னுரை போகலாம், நமக்குத் தெரிந்ததையே அது சொல்கிறது. நான்காம் அங்கத்தின் கடைசியில் வாத்தியக்காரர்களும் வேலைக்காரன் பீட்டரும் அடிக்கும் அரட்டையை எடுக்கலாம், எனக்குப் பிடித்த இடம்தான் என்றாலும் நாலு பேர் மிச்சமாவார்கள், உங்கள் குழுவுக்கு அது பெரிய விஷயம். முடிவில் துறவி சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து 40 வரிக்குக் கதை முழுவதையும் திருப்பிச் சொல்கிறார். இரண்டு அப்பாக்களுக்கும் அது தெரிந்தாக வேண்டும், அதனால் அடியோடு எடுக்க முடியாது. 10 வரிக்குள் அடக்கிவிடலாம்.