வேறு நாட்டு டீமோடு வேலை செய்யும்போது சின்னச் சந்தேகத்துக்கும் ஏன் ஒரு நாள் போகிறது?

திருகோணமலையில் இருந்து ரொறன்ரோ டீமுக்கு கோட் எழுதும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது.

முதல் காரணம் நேரம். கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அங்கே காலை 9 என்றால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30. நீங்கள் காலையில் கேட்டது அவர்கள் கண்ணில் படும்போது திருகோணமலை உவர்மலையில் விளக்கு ஏற்றியாகிவிடும். பதிலில் இன்னொரு கேள்வி இருந்தால், சரி, அடுத்த நாளும் போச்சு. மென்பொருள் ஆய்வாளர்கள் ஹெர்ப்ஸ்லெப், மொக்கஸ் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பல இடங்களுக்குப் பிரிந்த வேலைக்கு, ஒரே இடத்தில் நடந்த அதே மாதிரி வேலையைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு காலம் எடுத்திருந்தது.

இரண்டாவது காரணம், நாம் கேட்கும் விதம். "லொகின் வேலை செய்யுதில்லை, பாருங்கோ" என்று மட்டும் அனுப்பி நானும் இரண்டு நாள் காத்திருந்திருக்கிறேன். இப்போது எந்த பிராஞ்ச் (கோடின் எந்தப் பிரதி), முழு எரர் லொக் (பிழைப் பதிவு), செய்து பார்த்தவை, பதில் வராவிட்டால் எந்த வழியில் தொடரப்போகிறேன் என்பது வரை ஒரே மெசேஜில் எழுதுகிறேன். அந்தக் கடைசி வரிதான் ஒரு நாளை மிச்சப்படுத்துகிறது.

அப்புறம், மாலையில் இரு பக்கமும் விழித்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை ஸ்டேட்டஸ் சொல்லி வீணாக்காதீர்கள். எழுத்தில் தீராத டிசைன் விவாதத்துக்கு வையுங்கள். முடிவை உடனே டிக்கெட்டில் (அந்த வேலைக்கான பதிவில்) எழுதிவிடுங்கள். அந்த நேரத்து கோலுக்கு (அழைப்புக்கு) வராதவர் காலையில் அதைத்தான் தேடுவார்.