சர்க்கரையைக் குறைத்தால் கிரனோலா பார் ஏன் உதிர்கிறது?

கேள்வி: மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. கடையில் வாங்கும் கிரனோலா பாரில் (ஓட்ஸ், நட்ஸ், தேன் கலந்து கட்டியாகச் செய்வது) சர்க்கரை அதிகம் என்பதால் வீட்டிலேயே செய்து பார்த்தேன். தேனைப் பாதியாகக் குறைத்தேன். வெட்டும்போது பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அடுத்த முறை ஓவனில் கூடுதல் நேரம் வைத்தேன்; கல் மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரை குறைவாக, உதிராமல், இரண்டு பேருக்கும் கொடுக்கிற மாதிரி செய்ய முடியுமா? தேன், நட்ஸ் எல்லாம் சின்னவனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் கேட்டிருப்பதில் பாதி சமையல், பாதி சத்துணவு. சமையலை முதலில் முடித்துவிடுவோம்.

இரண்டு தடவை சொதப்பியதற்கும் காரணம் ஒன்றுதான். இந்த பாரில் தேன் இனிப்புக்கு மட்டும் இல்லை, பசையும் அதுதான். தேனோ சர்க்கரைப் பாகோ கொதிக்கும்போது நீர் வற்றி இறுகுகிறது. 112 முதல் 116 டிகிரி செல்சியஸுக்குள் இறக்கினால், ஆறியதும் மெல்லக்கூடிய பதம். 150 டிகிரியைத் தொட்டுவிட்டால் கண்ணாடி போல உடையும் பதம். தேனைப் பாதியாக்கியபோது பசையில் பாதி போய்விட்டது. அதைச் சரிக்கட்ட ஓவனில் கூடுதல் நேரம் வைத்தபோது மிச்சமிருந்த ஈரமும் வற்றி, இருந்த தேனும் இறுகிவிட்டது. ஆகவே சர்க்கரையைக் குறைத்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் ஒட்டும் வேலையைச் செய்ய வேறொன்று வேண்டும். அரைத்த பேரீச்சை, நட்ஸ் வெண்ணெய் (நட்ஸை விழுதாக அரைத்தது), மசித்த வாழைப்பழம் இந்த மூன்றும் அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

மூத்தவளுக்கு நான் சொல்லும் அளவு இது. கொட்டை நீக்கிய பேரீச்சை 150 கிராம், ஓட்ஸ் 150 கிராம், சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை அல்லது பாதாம் வெண்ணெய் 100 கிராம், பொடித்த விதைகள் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பைத் தூக்கிக் காட்டுவது அதுதான். விதை என்றால் பூசணி, சூரியகாந்தி, எள், எது கைவசம் இருக்கிறதோ அது. ஆளி விதை என்றால் நன்றாகவே பொடித்துவிடுங்கள். முழுசாகப் போட்டால் போன மாதிரியே வெளியே வந்துவிடும்.

ஓட்ஸ் தட்டையாக உருட்டிய வகையாக இருக்கட்டும். ஒருமுறை அவசரத்தில் ஸ்டீல் கட் ஓட்ஸை (தட்டையாக்காமல் துண்டாக வெட்டிய வகை) கொட்டி நான் செய்த பார், ஜல்லியைத் தேனில் குழைத்த மாதிரி வந்தது. ஓட்ஸை வெறும் வாணலியில் சிறு தீயில், வாசனை வரும் வரை வறுங்கள். அதில் பாதியை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். பெரிய இதழ்களுக்கு நடுவே இந்தப் பொடி போய் இடைவெளியை அடைக்கும். உதிர்வதற்குப் பாதி மருந்து இதுவே.

பேரீச்சையைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நீரை வடித்து, விழுதாக அரையுங்கள். வடித்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். விழுதையும் நட்ஸ் வெண்ணெயையும் லேசாகச் சூடாக்கி, மற்றதையெல்லாம் சேர்த்துக் கையால் பிசையுங்கள். கரண்டி சரிப்படாது. இப்போது ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். விரல் தடம் பதிந்து உருண்டை அப்படியே நின்றால் பதம் சரி. பிளந்து விழுந்தால், எடுத்துவைத்த பேரீச்சை நீரில் ஒரு ஸ்பூன் விடுங்கள். உள்ளங்கையெல்லாம் எண்ணெயாகிவிட்டால் கொஞ்சம் ஓட்ஸ் பொடி தூவுங்கள்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்துக் கலவையைக் கொட்டி, தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்துங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள். நாலு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூலைகளைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடமாவது உடல் பாரம் கொடுத்து அழுத்த வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, கத்தியை ரம்பம் மாதிரி இழுக்காமல் நேராக மேலிருந்து கீழே அழுத்தி வெட்டுங்கள். பதினாறு துண்டு வரும். ஓவனே தேவையில்லை.

இப்போது சத்துணவுப் பக்கம். பேரீச்சை போட்டுவிட்டோம், இனி சர்க்கரையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன ஒரு துண்டில் பேரீச்சையிலிருந்து மட்டும் சுமார் 6 கிராம் சர்க்கரை இருக்கும். கூடவே நார்ச்சத்தும் வருகிறது என்பது தேனைவிட மேலான விஷயம்தான். ஆனால் பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது; ஒட்டிக்கொள்ளும் இனிப்பு எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆகவே பாரைக் கையில் கொடுத்து நாள் முழுக்கக் கொறிக்க விடாமல், ஒரு வேளை உணவோடு கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்ன வரம்பு: இரண்டு வயதுக்குள் உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையே வேண்டாம், அதன் பிறகு 18 வயது வரை நாளுக்கு 25 கிராமுக்குள். தேனும் பிரவுன் சுகரும் மேப்பிள் சிரப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். ‘இயற்கையானது’ என்று லேபிளில் போட்டிருந்தாலும் சரி.

சின்னவனுக்குத் தேன் கொடுக்கலாமா என்றால், ஒரு வயது தாண்டிவிட்டதால் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். வீட்டு ஓவன் சூட்டில் அந்த வித்துகள் சாவதில்லை என்பதால், பேக் செய்ததுதானே என்று சமாதானம் சொல்லவும் முடியாது. உங்கள் சின்னவன் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டான். அவனுக்குத் தேன் வேண்டாம் என்று நான் சொல்வது சர்க்கரைக்காகத்தான்.

நட்ஸ் விஷயத்தில் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். முழு நட்ஸ், பெரிய துண்டு நட்ஸ் ஐந்து வயது வரை யாருக்கும் வேண்டாம். உங்கள் மூத்தவளுக்கும்தான். முன்பல்லால் கடித்துவிடுவார்கள், அரைக்கும் பழக்கம் முழுசாக வந்திருக்காது. ஒரு துண்டு மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பொடியாகவோ வெண்ணெயாகக் கலந்தோ கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வாமைக்குப் பயந்து நட்ஸையே தள்ளிவைப்பதிலும் பயனில்லை. ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள குழந்தைகளை வைத்து நடத்திய லீப் ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் எந்த நட்ஸாக இருந்தாலும் முதல் அறிமுகம் பாரில் வேண்டாம். ஐந்தாறு பொருள் கலந்ததில் உடம்பு தடித்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. தனியாக, கொஞ்சமாக, பகல் நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கல் மாதிரி ஆனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தத் தின்பண்டத்தின் பூர்வீகமே அப்படித்தான். 1863-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்ற மருத்துவர் ‘கிரானுலா’ என்று ஒன்றைச் செய்தார். முழு கோதுமை மாவை இரண்டு முறை சுட்டு உடைத்த கட்டி அது. இரவு முழுக்க ஊறவைத்தால்தான் பல்லுக்கு அடங்கும். பெரியவர்களுக்கு மொறுமொறுப்பு ஒரு ருசி. ஒன்றரை வயதுக்காரனுக்கு அது ஆபத்து. அவனுடைய பாரை பார் என்றே நினைக்காதீர்கள், கையில் பிடித்துத் தின்னக்கூடிய மெத்தென்ற கேக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு, தோல் உரித்து 200 கிராம் வரும்படி நன்கு பழுத்த வாழைப்பழத்தை மசித்து, 120 கிராம் ஓட்ஸ் (பாதி பொடித்தது), இரண்டு ஸ்பூன் நட்ஸ் வெண்ணெய் சேர்த்து, சிறிய தட்டில் பரப்பி, 170 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சுட்டால் போதும். வேறு இனிப்பு எதுவும் வேண்டாம். நட்ஸ் ஆகாதென்றால் சூரியகாந்தி விதை வெண்ணெய் போடலாம். அதோடு சமையல் சோடாவும் சேர்த்துவிட்டால் ஆறிய பிறகு உள்ளே பச்சை நிறம் படரும். கெட்டுப்போனது என்று தூக்கிப்போட வேண்டாம். விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து செய்யும் வேலை அது.

எந்த பாராக இருந்தாலும் அவனிடம் கொடுக்கும் முன் ஒரு மூலையைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். சிரமமில்லாமல் நசுங்கினால் அவன் ஈறு அதைச் சமாளிக்கும். நசுங்காமல் ரப்பர் மாதிரி எதிர்த்தால் அக்காவுக்கு எடுத்துவையுங்கள். உலர்திராட்சையும் ஒட்டும் பண்டம், மிகப் பொடியாக நறுக்கினால் மட்டும் சேர்க்கலாம். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்; ஓடிக்கொண்டும் வேண்டாம், கார் சீட்டிலும் வேண்டாம்.

புரோட்டீன் பவுடர் கலக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். தேவையில்லை.

பேரீச்சை பார் பிரிட்ஜில் ஒரு வாரம், ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். வாழைப்பழ பார் பிரிட்ஜில் மூன்று நாள்தான். பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் இரண்டுமே இறுகியிருக்கும். பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை விரலால் நசுக்கிப் பார்த்துக் கொடுங்கள்.