அன்றாடப் பொருட்களைக் கொண்டு முப்பரிமாண எழுத்துகள் அமைப்பது வெறும் வேடிக்கைதானா?

நீங்களும் ஏதோ ஒன்றைச் செய்து யாரிடமோ காட்டி, "இதை எப்படிப் படிப்பது?" என்று கேட்கப்பட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கும் பழக்கமானது என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் அமைத்தது 'படம்' என்ற ஒரே ஒரு சொல். ஸ்டேப்ளரைச் செங்கோணமாகத் திறந்து வைத்தால் 'ட'. ஸ்டேப்ளர் பின்னைக் கால்கள் மேலே இருக்குமாறு நிறுத்தினால் 'ப'. ஆனால் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் பின் கண்ணுக்கே தெரியாது. ஆகவே பின்னையும், 'ம' வடிவில் மடக்கிய ஜெம் கிளிப்பையும் கணினியில் பெரிதாக வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்தேன். பின்னின் கூர்முனைகளை மழுக்கவில்லை. மழுக்கியிருந்தால் பின் மறைந்து வெறும் 'ப' மட்டும் எஞ்சியிருக்கும்.

என்னைத் திணறடித்தது புள்ளிதான். தாளில் புள்ளி எதையும் தொடாமல் நிற்கும். மேசைமேல் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? பின்னாலிருந்த பலகையில் பெரிய தலையுள்ள குண்டூசி ஒன்றைக் குத்தினேன். நேரே நின்று பார்த்தால் அது 'ம'வின் தலைக்கு மேல் சரியாக அமர்ந்தது. கண்காட்சியிலோ என் படைப்பை 'கைவினைப் பொருட்கள்' வரிசையில் ஒரு மூலையில் வைத்துவிட்டார்கள் (எழுத்துரு வேலையைக் கைவினை என்பவர்களிடம் வாதாடி அலுத்துவிட்டது). அங்கே இடப்பக்கமாக மட்டுமே அணுக முடியும் என்பதால், புள்ளி 'ட'வின்மேல் நகர்ந்து, வந்தவர்கள் அனைவரும் 'பட்ம' என்று படித்தார்கள்.

இது புத்தகம் அச்சிடுவதற்கான எழுத்துரு அன்று என்பது எனக்கும் தெரியும்; வாசிப்பு எளிமை பற்றி வகுப்பெடுக்க வருபவர்கள் பொறுத்தருள்க. ஜப்பானிய வடிவமைப்பாளர் தாக்கெனோபு இகராஷி 1980களில் ஆங்கில எழுத்துகளை அலுமினியச் சிற்பங்களாகவே செய்திருக்கிறார். ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே துண்டு. நமக்கோ 18 மெய்களுக்கும் புள்ளி தனியே நிற்கிறது, கொம்பு தனியே நிற்கிறது, ஆய்தத்தில் மூன்று புள்ளிகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. புள்ளி என்பது எழுத்தின் உறுப்பா, அதனருகே நிற்கும் வேறொரு பொருளா என்று அந்தக் குண்டூசியைக் குத்தும்வரை நான் யோசித்ததே இல்லை. இதை வேடிக்கை என்று என்னால் ஒதுக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

இப்போது அந்த ஊசித்தலையை 'ம'வின் முதுகிலிருந்து எழும் மெல்லிய கம்பியின் நுனியில் பொருத்தியிருக்கிறேன். கம்பிக்குப் பலகையின் நிறத்தையே பூசியும், அதன் நிழல் மட்டும் இன்னும் காட்டிக்கொடுக்கிறது.