மிரர் டிஸ்க் சர்வரில் லோடு 14: ப்ராசஸரை மாற்ற வேண்டுமா?

மன்னார்குடி அரிசி மில் சர்வரில் 4 கோர், இரண்டு டிஸ்க் மிரர் (ஒரே தகவல் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும்), லினக்ஸ். லோடு 14-க்குப் போய் பில் போட முடியவில்லை, ப்ராசஸரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் காசைப் போட்டுவிடாதீர்கள்.

லினக்ஸ் காட்டும் லோடில், ப்ராசஸருக்குக் காத்திருக்கும் வேலைகளோடு டிஸ்க் பதிலுக்காக முடங்கிக் கிடப்பவையும் சேரும். 'டாப்' கட்டளையை ஓட்டி 'டபிள்யூஏ' எண்ணைப் பாருங்கள்; டிஸ்க்குக்காக ப்ராசஸர் சும்மா காத்திருக்கும் நேரத்தின் சதவீதம் அது. 40, 50 என்று நின்றால் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, மிரரின் நிலையைக் காட்டும் 'எம்டிஸ்டாட்' கோப்பு. 'ரீசிங்க்' (இரண்டு டிஸ்க்கையும் மறுபடி ஒத்துப்போக வைக்கும் வேலை) ஓடுகிறதா? அப்படியென்றால் கரண்ட் திடீரென்று போய் சர்வர் அணைந்திருக்கும். ஐப்பசி மழையில் நம் டெல்டாவில் இது சகஜம். யுபிஎஸ் பேட்டரியைக் கவனியுங்கள். 'செக்' என்றிருந்தால் வழக்கமான சோதனை. டெபியன் வகை லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓடும். முடியட்டும், விடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால்தான் கவலை. மிரரில் இரண்டு டிஸ்க்கும் எழுதி முடித்தால்தான் ஓர் எழுத்து முடியும். ஒரே நுகத்தடியில் ஒரு மாடு நொண்டினால் வண்டியே நொண்டும். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பார்த்தேன்: எம்டிஸ்டாட்டில் டிஸ்க் இணைந்திருப்பதைக் காட்டும் இரண்டு 'யு'வும் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொரு டிஸ்க்கின் வேகத்தையும் காட்டும் 'ஐஓஸ்டாட்' ஓட்டினால் ஒரு டிஸ்க்கின் காத்திருப்பு 8 மில்லிசெகண்ட், மற்றதற்கு 900. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' அறிக்கையில் பெண்டிங் செக்டார் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த டிஸ்க்கை மிரரிலிருந்து கழற்றியதும் லோடு 1-க்கு இறங்கியது.

கழற்றும் முன் பேக்கப் எடுங்கள். சீரியல் எண்ணை இருமுறை சரிபாருங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் நெல் கொள்முதல் கணக்கு மொத்தமும் பழுதான டிஸ்க்கை நம்பி நிற்கும்.